காஸ்கியின் கடிவாளம்

லூனபுர்க்,
ஏப்ரல் 24

அன்புள்ள யோருன் அக்காவுக்கு,

பத்திரமாக ஜெர்மனி வந்து சேர்ந்தேன். உன் முட்டிவலி குறைந்ததா? அத்தான் காரி கப்பலிலிருந்து வீடு திரும்பிவிட்டாரா?

ஈஸ்டருக்கு உன்னோடு இருந்த ஆறு நாளில் ஐந்து நாள் பனிமழை. வெயிலடித்த அந்த ஒரு நாளைத்தான் இங்கே பேருந்தில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். பழைய மாட்டுக் கொட்டிலை நம் குதிரைகளுக்கான மியூசியமாக மாற்றுகிறேன் என்று நீ எழுதியபோது உள்ளூரச் சிரித்தேன். ஜன்னலைத் திறந்தால் குதிரை நிற்கிற ஊரில், உள்ளே போய்க் குதிரையைப் பார்க்க யார் வருவார்கள் என்று. நேரில் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. பிடரிமயிரில் திரித்த கயிறுகள், பிரசவம் பார்க்கப் போகிறவள் பக்கவாட்டில் உட்காரும் சேணம், கொம்பில் செதுக்கிய வளையங்கள். எல்லாவற்றையும்விட அந்த நான்காவது சுவர். நாட்டைவிட்டு அனுப்பப்பட்ட குதிரைகளின் படங்கள்.

நம் தீவைவிட்டுப் போன குதிரை திரும்பி வரக் கூடாது என்ற சட்டம் தெரிந்துதான் பதினாறு வருஷத்துக்கு முன்னால் காஸ்கியை விமானத்தில் ஏற்றினேன். அவன் போன டிசம்பரில் இறந்தபோது, சுவரில் அவன் படம் இருக்கிறது என்று உன் கடிதத்தில் படித்தேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன், அவன் கடிவாளமாவது ஊர் போய்ச் சேரட்டும் என்று. படத்துக்குக் கீழே நீ ஆணி அடித்தாய், நான் மாட்டினேன். அதைவிட நிம்மதியான நிமிஷம் சமீபத்தில் எனக்கு வாய்க்கவில்லை.

அன்றைக்குச் சமையலறையில் கடிவாளத்தைப் பற்றி, "கிருமி நீக்கினதுக்குக் காகிதம் இருக்குல்ல?" என்று கேட்டாய். தலையாட்டினேன். அப்புறம் நாம் வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

த்ரீவாவைப் பார்த்துக்கொள். இருபத்தெட்டு வயதில் அந்தக் கிழவி இன்னும் வேலி தாண்டப் பார்க்கிறாள். காஸ்கிக்கு அந்தத் திமிர் அம்மாவிடமிருந்துதான் வந்திருக்கிறது.

உன் தங்கை,
ஹல்லா


ஹ்வம்முர் பண்ணை,
மே 12

ஹல்லாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முட்டி அப்படியேதான் இருக்கிறது. காரி வந்து, தூங்கி, மறுபடி கடலுக்குப் போயாயிற்று.

மியூசியத்துக்கு இந்த வாரம் பதினொரு பேர். அதில் நான்கு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். பக்கத்துப் பண்ணை எகில் வாசலிலேயே நின்றுகொண்டு, "ஏம்மா யோருன், செத்த குதிரைக்கு டிக்கெட் போடுற, உயிரோட இருக்குறது என் வீட்டுல சும்மா மேயுது, அதுக்கு எப்ப குடுக்கப்போற?" என்று கேட்டான். அவன் வாய்க்குப் பூட்டு இல்லை.

த்ரீவா நான்கு நாளாக இருமுகிறாள். மூக்கில் வெள்ளையாகச் சளி. வயதாகிவிட்டது, ஈரக்காற்று, என்று நினைத்துக்கொண்டேன். நேற்று கூடவே நிற்கும் இரண்டு குதிரைகளும் இருமத் தொடங்கின.

அந்தக் காகிதத்தின் நகல் இருந்தால் அனுப்பி வை. மியூசியக் கோப்பில் வைக்கத்தான்.

யோருன்


லூனபுர்க்,
மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

த்ரீவாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? வைக்கோலை நனைத்துப் போடு. தூசி தொண்டைக்கு ஆகாது. இந்த வயதில் இருமல் வருவது இயற்கைதான், நீ அதிகம் கவலைப்படாதே.

நான் சுகம். இங்கே வெள்ளை ஆஸ்பராகஸ் தண்டு சீசன். ஊரே அதைத் தவிர வேறெதுவும் சாப்பிடுவதில்லை. நூலகத்தில் இரண்டு பேர் லீவு, அவர்கள் வேலையும் என் தலையில். சனிக்கிழமை பழக்கதோஷத்தில் லாயம்வரை போனேன். காஸ்கி நின்ற கொட்டடியில் இப்போது ஒரு கறுப்புக் குதிரை. அதன் கண்ணைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன்.

காரியைக் கேட்டதாகச் சொல்.

ஹல்லா


ஹ்வம்முர்,
ஜூன் 17

ஹல்லா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் மோசம்.

இருமல் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிவிட்டது. பதினான்கு பண்ணை. கோடைப் பந்தயங்கள் ரத்து. குதிரையை ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்குக் கொண்டுபோகக் கூடாது. எகிலின் குட்டிகளில் இரண்டு செத்துவிட்டன. அவற்றைப் புதைத்த அன்று அவன் ஒரு கிண்டல்கூடப் பண்ணவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

கால்நடை மருத்துவர் ஸ்வாவா வீடு வீடாக வருகிறாள். வெளியிலிருந்து எந்த நோயும் வராமலே ஆயிரம் வருஷம் வாழ்ந்த குதிரைகள், இவற்றுக்கு எதிர்த்து நிற்கத் தெரியாது என்றாள். அந்நிய லாயத்திலிருந்து ஒரு பழைய கையுறை வந்தாலும் போதும் என்றாள். முதலில் இருமியது நம் வீட்டுக் குதிரைதான் என்பது எல்லோருக்கும் தெரியும். என் சமையலறையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, "ஏப்ரல் மாசம் இங்க யார் யார் வந்தாங்க?" என்று கேட்டாள்.

லாடம் அடிக்கும் சிக்மார் வந்தார் என்றேன். தங்கை வந்தாள், ஆனால் லாயத்துப் பக்கமே போகவில்லை என்றேன். இரண்டும் உண்மை. சிக்மார் குளிர்காலம் மூன்று மாதம் ஆஸ்திரியாவில் வேலை செய்துவிட்டு மார்ச்சில்தான் திரும்பினார். ஸ்வாவா அவர் பெயருக்குக் கீழே கோடு போட்டாள்.

அவர் தன் கருவிகளையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்ததாகச் சத்தியம் செய்கிறார். யாரும் கேட்கத் தயாராக இல்லை. கூட்டுறவுக் கடையில் அவர் நுழைந்தால் வரிசை நகர்ந்து வழிவிடுகிறது.

ஹல்லா, சுற்றிவளைக்காமல் கேட்கிறேன். அந்தக் கடிவாளம் கிருமி நீக்கியதுதானா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது.

யோருன்


லூனபுர்க்,
ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. ஜூலையில் வேலை அதிகம், நடுவில் பல்வலி வேறு.

ஆம். எல்லாம் முறைப்படி செய்தேன். காகிதம் எங்கோ மாறிப்போய்விட்டது, தேடுகிறேன்.

நீ தூங்குகிறாயா? கடைசிக் கடிதத்தில் உன் கையெழுத்து உன்னுடையதுபோல இல்லை.

ஹல்லா


ஹ்வம்முர்,
ஆகஸ்ட் 18

என் அருமை ஹல்லாவுக்கு,

உன் கடிதத்தை அஞ்சல்பெட்டி பக்கத்திலேயே நின்று படித்தேன். அந்த ஒரு வரியை மூன்று தடவை படித்தேன். பிறகு வீட்டுக்குள் போய், மே மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாகப் பசித்துச் சாப்பிட்டேன். உன்னைச் சந்தேகப்பட்டதற்கு என்னைத் திட்டு. பல்வலி போயிற்றா?

த்ரீவா ஜூலை ஒன்பதாம் தேதி போய்விட்டாள். அதற்கென்று தனியாக ஒரு கடிதம் எழுத மனம் வரவில்லை. இருமி இருமி விலா எலும்பு தெரிந்தது. அவளுக்கு அது போதும் என்று ஸ்வாவா ஊசி போட்டாள். மற்றக் குதிரைகள் தேறிவருகின்றன.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது, இது சிக்மார் கொண்டுவந்ததுதான். உன் பதிலுக்குப் பிறகு எனக்கும் சந்தேகமில்லை. செப்டம்பரில் மலையிலிருந்து குதிரைகளை ஓட்டிவந்து பிரிக்கும் நாளில் அவர் பட்டிக்குப் பக்கமே வரக் கூடாது என்று பண்ணைக்காரர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். என்னையும் கேட்டார்கள். நானும் கை தூக்கினேன். முப்பது வருஷமாக அந்தப் பட்டியில் முதல் பாட்டு அவர்தான் எடுப்பார். என்ன செய்வது, குட்டிகளை இழந்தவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டாமா?

மியூசியத்தை மூடிவைத்திருக்கிறேன். அடுத்த வருஷம் திறக்கலாம்.

நிறைய அன்புடன்,
யோருன்


லூனபுர்க்,
செப்டம்பர் 29

அக்கா,

நலம் விசாரிக்காமல் தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்.

கடிவாளத்தைக் கிருமி நீக்கவில்லை. காகிதம் என்று ஒன்று இருந்ததே இல்லை. நீ எனக்குப் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டருக்குள் அதைச் சுருட்டி, பெட்டியின் அடியில் வைத்து, விமான நிலையத்தில் அறிவிக்க எதுவும் இல்லாதவர்கள் போகும் வழியில் நடந்தேன். அந்த மருந்தில் முக்கினால் தோல் வெளிறிப்போகும், அவன் வாசனை போய்விடும். காரணம் அவ்வளவுதான். நாற்பத்து நான்கு வயதில், படித்த ஒருத்தி, ஒரு வாசனைக்காக.

இன்னும் இருக்கிறது. காஸ்கி செத்தபிறகு கடிவாளம் லாயத்தில் பொதுக் கொக்கியில் தொங்கியது. நான் எடுக்கப் போனதற்கு முந்தைய வாரம் யாரோ அதை ஓர் இளங்குதிரைக்கு மாட்டி ஓட்டியிருக்கிறார்கள். அதற்குச் சளி என்று லாயக்காரி சொன்னாள். இங்கே குதிரைக்குச் சளி பிடிப்பது குழந்தைக்கு மூக்கு ஒழுகுவதுபோல. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உன் ஜூன் மாதக் கடிதத்தை ஆறு வாரம் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். பிறகு பொய் எழுதினேன். அந்தப் பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு நீ சிக்மாருக்கு எதிராகக் கை தூக்கினாய் என்று படித்ததிலிருந்து எதுவும் ஓடவில்லை.

ஒன்றுமட்டும் எனக்குப் புரியவில்லை. கடிவாளம் உன் மியூசியச் சுவரில்தானே இருந்தது? குதிரைகள் அந்தக் கட்டடத்துக்குள் வருவதில்லையே. ஒருவேளை அதனால் வந்ததில்லையோ என்று ஒரு நப்பாசை. அதைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பு. என் பெயரைச் சொல்லி அனுப்பு.

ஹல்லா


லூனபுர்க்,
நவம்பர் 21

அக்கா,

பதில் இல்லை. சுகமாக இருக்கிறாயா என்று மட்டுமாவது எழுது. திட்டியும் எழுதலாம்.

ஹல்லா


ஹ்வம்முர்,
ஜனவரி 6

ஹல்லா,

உயிரோடு இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குக் காரி வந்தார். புகையூட்டிய ஆட்டிறைச்சி வாங்கி வந்திருந்தார். அவரிடமும் வாய் திறக்கவில்லை.

நீ செப்டம்பரில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். கடிவாளம் சுவரில் இருக்கவில்லை.

நீ கிளம்பிய மறுநாள் காலை மியூசியத்தைக் கூட்டப் போனேன். கடிவாளத்தின் வளையத்தில் இரண்டு மூன்று மயிர் சிக்கியிருந்தது, காஸ்கியின் செம்பட்டை. மருந்தில் முக்கிய தோலில் மயிர் அப்படி ஒட்டிக்கொண்டிருக்காது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், அதைக் கழற்றி, ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு புல்வெளிக்குப் போனேன். பெற்றவள் ஒரு தடவை மோந்து பார்க்கட்டும் என்று. பதினாறு வருஷத்துக்கு முன்னால் நீ அவனை ஏற்றிக்கொண்டு போன அன்று அவள் வேலியோரமாக ஓடியது உனக்குத் தெரியாது. நீ வண்டிக்குள் இருந்தாய். நான் வேலிப் பக்கம் நின்றேன்.

த்ரீவா மோந்தாள். பிறகு இரும்பை நக்கினாள், தோல்வாரை நக்கினாள், ரொம்ப நேரம். நான் நின்று அழுதேன். இப்போது யோசித்தால், அவள் உப்புக்காக நக்கியிருக்கிறாள்.

அவள் இருமத் தொடங்கிய அன்றே அதை அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன். சோதனைக்கூடத்துக்கு அனுப்ப என்னிடம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் ஸ்வாவா நோட்டைத் திறந்தாள், நான் சிக்மார் பெயரைச் சொன்னேன். நீ "ஆம்" என்று எழுதினால் நான் தப்பினேன் என்று ஜூனில் உன்னைக் கேட்டேன். நீயும் எழுதினாய். உன் பொய் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

மூன்று மாதம் உன்மேல் கோபமாக இருந்தேன். பொய் சொன்னதற்கு அல்ல, உண்மையைச் சொன்னதற்கு.

இன்னொன்று. நடுக்குளிர்காலத் தோர்ரி மாத விருந்துக்கு நாடகம் எழுதும் குழுவில் இந்த வருஷம் எங்கள் பண்ணை முறை. எகிலும் நானும் மேலக்கரைத் தம்பதியும். வருஷம் முழுக்க நடந்ததைக் கேலி செய்வோம், கேலிக்கு ஆளானவர் கோபிக்கக் கூடாது, உனக்குத் தெரியாததா. எகில் ஏற்கெனவே 'ஆஸ்திரிய இருமல்' என்று சிக்மார் பெயரில் ஒரு பாட்டுக் கட்டிவைத்திருக்கிறான். நான் வேண்டாமென்றேன். "அப்ப நீயே எழுது, ஆனா சிரிப்பு வரணும்" என்று பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டான்.

யோருன்


ஹ்வம்முர்,
பிப்ரவரி 10

ஹல்லாவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு. சனிக்கிழமை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சமூகக்கூடத்தில் நூற்றெழுபது பேர். புளிக்கவைத்த சுறாவின் நெடி கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது. சிக்மாரும் அவர் மனைவி அல்டாவும் வந்து கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். வராமல் இருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அல்டாதான் இழுத்து வந்தாளாம். அவர்கள் மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை.

மூன்றாவது நாடகம் என்னுடையது. நான் நானாகவே வந்தேன், அதே ஏப்ரனோடு. எகில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நான்கு காலில் பெண்குதிரை. என்னை நானே கேலி செய்துகொள்கிறேன் என்றுதான் அவனுக்கும் நினைப்பு. பையிலிருந்து ஒரு கடிவாளத்தை எடுத்து அவன் மூக்கில் வைத்து, "மோந்து பாரும்மா, வெளிநாட்டுலேருந்து உம் பையன் வந்திருக்கான்" என்றேன். எகில் அதை நக்கி நக்கி, தும்மி, இருமி, தரையில் புரண்டான். கூடம் அதிர்ந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போது நான் சொன்னேன், "இது நான் கட்டின கதை இல்ல. ஏப்ரல்ல நடந்தது. நோயை உள்ள விட்டது நான். ஸ்வாவா கேட்டப்ப சிக்மார் பேரைச் சொன்னதும் நான்."

முன் வரிசையில் சிரிப்பு நின்றது. பின்னால் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கம்பளிக்குள் இருந்த எகிலுக்கு எதுவும் கேட்கவில்லை, இருமிக்கொண்டே இருந்தான். யாரோ போய் அவன் தோளைத் தொட்டார்கள். கம்பளியை விலக்கிப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து மேடையைவிட்டு இறங்கிப் போய்விட்டான். செத்த குட்டிகள் அவனுடையவை.

சிக்மார் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"எப்பலேருந்து தெரியும்?"

"மே மாசத்துலேருந்து."

"நான் பட்டிக்கு வரக் கூடாதுன்னு கை தூக்கினப்பவும் தெரியும்."

"தெரியும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார், ஏதோ அளவு சரியாக இருக்கிறது என்பதுபோல. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அல்டா போகவில்லை. அத்தனை பேர் நடுவே தனியாக உட்கார்ந்து, தட்டில் இருந்ததை மீதி வைக்காமல் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள். அதுவரை யாரும் நகரவில்லை.

மறுநாள் காலை ஸ்வாவா வந்து எழுதி வாங்கிக்கொண்டாள். மேலே என்ன நடக்கும் என்று தெரியாது. உன் பெயரைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எனக்கு ஒரே ஒரு தங்கைதான் என்பது ஊருக்குத் தெரியும். நீயே சொல்வதா, ஊர் சொல்லிக்கொள்ளட்டும் என்று விடுவதா என்பது உன் பாடு.

யோருன்


லூனபுர்க்,
பிப்ரவரி 22

மதிப்புக்குரிய சிக்மார் அவர்களுக்கு,

நான் யோருனின் தங்கை ஹல்லா. நீங்களும் அல்டாவும் சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். அதை நான் கேட்பது நன்றாக இருக்காது.

கடிவாளத்தை நாட்டுக்குள் கொண்டுவந்தது நான். கிருமி நீக்கவில்லை. அது நோயுள்ள குதிரையின் வாயில் இருந்தது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு எனக்கு இருந்தது, நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் அக்கா மூன்று தடவை கேட்டாள். முதல் தடவை தலையாட்டினேன், இரண்டாம் தடவை மழுப்பினேன், மூன்றாம் தடவை பொய் எழுதினேன். அந்த ஆறு வாரத்தில் நான் உண்மையை எழுதியிருந்தால், மலையிலிருந்து குதிரைகள் இறங்கிய அன்று நீங்கள் பட்டியில் நின்றிருப்பீர்கள்.

அக்கா செய்தது அவளுடையது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவள் மேடையில் சொன்னது பாதிதான், மீதி இது.

ஸ்வாவாவுக்கும் இதையே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம், பத்திரிகைக்கும் கொடுக்கலாம். பதில் எதிர்பார்க்கவில்லை.

ஹல்லா


மார்ச் 11

ஹல்லாவுக்கு,

கடிதம் வந்தது. அல்டாவுக்கு வாசித்துக் காட்டினேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னாள்.

பத்திரிகைக்குக் கொடுக்கவில்லை. கூட்டுறவுக் கடை அறிவிப்புப் பலகையில் குத்திவைத்திருக்கிறேன், நம் பக்கத்து ஆட்கள் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். இரண்டாம் நாள் யாரோ அதன்மேல் 'டிராக்டர் விற்பனைக்கு' என்று ஒட்டிவிட்டார்கள். அல்டா அந்தக் காகிதத்தை எடுத்து ஓரத்தில் ஒட்டிவிட்டு வந்தாள். லாடம் அடிக்க மூன்று பண்ணையிலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டுக்குப் போனேன். எகில் வீட்டுக்கு அவன் கேட்காமலே போனேன்.

காஸ்கிக்கு முதல் லாடம் அடித்தது நான்தான். அடிக்கும்போது என் சட்டையைக் கடித்துக் கிழித்தான். உங்களுக்கு நினைவிருக்காது.

உங்கள் அக்கா பண்ணைக்கு இப்போது யாரும் போவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவர்மேல் எனக்கு இருப்பது இருக்கிறது. குதிரைகளுக்குக் குளம்பு வளர்ந்துகொண்டுதான் இருக்கும். ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமை காலை வருகிறேன் என்று நீங்களே அவருக்குத் தெரியப்படுத்துங்கள், எனக்கு அவரைக் கூப்பிட்டுப் பேச விருப்பமில்லை. ஏழு குதிரை என்றால் மதியத்துக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் கிளம்பிவிடுவேன். வீட்டுக்குள் வரமாட்டேன், காப்பி போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சிக்மார்